ஐந்தாம் நாள் பயணி

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கிண்ணத்தில் உருவாக்கிய கருவை வயிற்றுக்குள் வைத்து அனுப்புவதில்லை. ஐந்தாம் நாள் அதுவே டவுன் பஸ் ஏறி வரும். நாம் முன்கூட்டியே பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அது ஏறும். கைக்குட்டையை எடுத்து நம்மிடம் கொடுத்துவிட்டு உட்காரும். கடைசி ஸ்டாப் வரை உட்கார்ந்து வந்தால் பிள்ளை. நடுவில் இறங்கிவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

என் பெயர் வசுமதி. நாற்பதைத் தொட்டாயிற்று. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று புகுந்த வீட்டில் பேர் வாங்கியவள். இதற்கு முன் இரண்டு தடவை கைக்குட்டை போட்டிருக்கிறேன். முதலாவது பால் சொசைட்டியிலேயே இறங்கிவிட்டது. இரண்டாவது வாய்க்கால் பாலம் வரை வந்தது. அதற்கப்புறம் ரைஸ்மில் ஒன்றுதான். அதைத் தாண்டினால் கடைசி ஸ்டாப், எங்கள் தெரு.

இரண்டு தடவையும் என் நாத்தனார் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "ஜன்னலை எதுக்குத் தெறந்து வெச்சே?"

ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பூங்கொடி பலமுறை சொல்லியிருக்கிறார். அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் இறங்குகிறது இறங்கத்தான் செய்யுமாம். நாத்தனாரிடம் அதைச் சொன்னால், டாக்டருக்கு என்ன தெரியும் என்பாள்.

மூன்றாம் தடவை நான் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "மூணாம் நாளே அனுப்பிடுங்களேன் டாக்டர். வெளியில கெடந்து என்ன பாடுபடுதோ."

"அனுப்பலாம். ஆனா அன்னைக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு சொல்றது கஷ்டம். அஞ்சாம் நாள்னா, பிள்ளையாகப் போறது உள்ள, நஞ்சுக்கொடியாகப் போறது சுத்தி வெளியன்னு பங்கு பிரிஞ்சிருக்கும். தன்னைச் சுத்தியிருக்கிற மேலோட்டை விட்டு வரவும் தயாராயிடும். அது பஸ் ஏறினா ஊர் போய்ச் சேர வாய்ப்பு கூட."

"அஞ்சாம் நாள் வரைக்கும் எதுவும் தாங்கலைன்னா?"

"அன்னைக்கு பஸ்ல யாரும் ஏற மாட்டாங்க வசுமதி."

ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. அந்தத் தடவை உருவான ஏழு கருக்களில் ஐந்தாம் நாளைப் பார்த்தது ஒன்றே ஒன்று. இனிமேல் என் உடம்பிலிருந்து முட்டை எடுக்க வழியில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே இதுதான் கடைசி.

எங்கள் ஊர்க்காரர்கள் சீட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவர்கள். ஆளில்லாமல் துண்டு கிடந்தால் ஜன்னல் வழியாக வீசிவிட்டு உட்காருவார்கள். ஆனால் இந்தக் கைக்குட்டை என்றால், பக்கத்தில் ஒருத்தி காவலிருந்தால், தொட மாட்டார்கள். அந்த ஐந்தாம் நாளன்று வாழைத்தாரோடு ஒருவர் ஏறினார். காலிச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வருதுங்களா?"

"ஆஸ்பத்திரில ஏறும்ங்க."

அவர் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றே வந்தார்.

ஐந்தாம் நாள் கரு ரவையில் உடைந்த துணுக்கு அளவுகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது. ஏறினது கண்டக்டர் செல்லமுத்து விசில் ஊதுவதில்தான் தெரியும். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். கைக்குட்டை என் மடிக்கு வந்தது. சீட் லேசாக அமுங்கியது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆனால் கரு ஆணா பெண்ணா என்று கேட்பது சட்டப்படி குற்றம். அதனால் செல்லமுத்து ஒன்றும் கேட்காமல் முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாயை மூடிக்கொண்டு வரத்தான் நினைத்தேன். முடியவில்லை. "வீட்டு முன்னாடி கொய்யா மரம் இருக்கு. உங்கப்பா குறட்டை விடுவார், போகப் போகப் பழகிடும். அத்தை ஒருத்தி இருக்கா, அவ பேச்சைக் காதுல போட்டுக்காதே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பால் சொசைட்டி போயிற்று. வாய்க்கால் பாலம் போயிற்று. வாழைத்தார்க்காரர் பெருமூச்சு விட்டார். சந்தோஷத்தில் நான் கொய்யா மரத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன்.

ரைஸ்மில்லில் அது எழுந்தது. நான் முழங்காலை ஒதுக்கினேன். எழுந்தவருக்கு வழிவிடத்தானே வேண்டும்.

"எறங்கிடுச்சுங்க அக்கா" என்றார் செல்லமுத்து.

"தெரியுதுங்க."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். கைக்குட்டை மடியிலேயே இருந்ததால் துடைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் சீட்டில் இன்னொரு கைக்குட்டை கிடந்தது. சுண்டுவிரல் நகம் அளவு, வெள்ளை, ஓரம் தைத்திருந்தது. இறங்கினது போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

செல்லமுத்து குனிந்து பார்த்தார். "எடம் போட்டிருக்குதுங்க. துணி கெடக்கிற வரைக்கும் சீட்டு அதுக்குத்தான்."

காவலில்லாத துணியை எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே கடைசி ஸ்டாப்பில் நான் இறங்கவில்லை. பஸ் திரும்பியது, நானும் திரும்பினேன். அன்றிலிருந்து இதில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து தினமும் ஸ்டாப்பில் நின்று ஜன்னல் வழியாகத் தூக்குவாளியைக் கொடுப்பார். "ரசம் கொஞ்சம் புளிச்சிருச்சு" என்பார். ரத்தப் பரிசோதனை நாளில் நர்ஸ் பஸ்ஸிலேயே ஏறி ரத்தம் எடுத்துப் போனாள். மறுநாள் வந்து, "ஒண்ணும் இல்லைங்க அக்கா" என்றாள். இல்லை என்பது எனக்கும் தெரியும். துணி கிடக்கிறதே என்றேன். அவளும் பார்த்துவிட்டு, ஆமாங்க என்று இறங்கிப் போனாள்.

ஒருநாள் தூக்குவாளி வரவில்லை. எனக்குப் பின்சீட்டில் ஒரு துண்டு வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் ஏறி வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் அடுப்பும் தலையணையும் இருந்தன.

"வசு, கொஞ்சம் கண்ண மூடு. நான் பாத்துக்கறேன்."

அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தூங்கினேன்.

இப்போது கேஸ் சிலிண்டர் எங்களுக்குப் பால் சொசைட்டி ஸ்டாப்பில் ஏறுகிறது. நாத்தனார் வாரம் ஒருமுறை ஏறுவாள், ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு இறங்குவாள். அவள் போனதும் நான் திறந்துவிடுவேன். ரைஸ்மில் வரும்போதெல்லாம் பஸ் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவேன். பின்னால் அவரும் ஒதுக்குவார். போன வாரத்திலிருந்து பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் முழங்காலை ஒதுக்குகிறார்கள், டிரைவர் உள்பட.