சோற்றில் நின்ற கை

அன்று பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவர்கள்: பத்தாம் வகுப்புத் தமிழ் ஆசிரியை பஹ்மியா, உப அதிபர் ஆனந்தராசா, மாணவி நிருசா, கடைசியாக, யாரும் கூப்பிடாமல் வந்த அவளுடைய தகப்பன் வேலாப்போடி.

வகுப்பில் சேர்ந்து வாசிக்க இளையோர் நாவல் ஒன்று வேண்டியிருந்தது. கைக்கு வந்தவை இரண்டு. ஒன்று, கடலில் காணாமற்போன தம்பியைத் தேடும் அண்ணனின் கதை. மற்றது, தகப்பனிடம் அடிவாங்கியே வளரும் பிள்ளையின் கதை.

பஹ்மியாவுக்குத் தெரிவு செய்ய ஒரே வழிதான். புத்தகங்களை ஒவ்வொன்றாக ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்புவாள். வீட்டார் சாப்பிடும் நேரம் பிள்ளை உரத்து வாசிக்க வேண்டும். எந்த வீட்டில் சோற்றுக்குப் போன கை நிற்கிறதோ, அந்த வீட்டுப் புத்தகம் வென்றது. கடல் கதை போன வீட்டில் டீவியைக்கூட நிறுத்தவில்லை. மற்றதை நிருசா கொண்டுபோனாள். நன்றாக வாசிப்பாள் என்றுதான் அவளிடம் கொடுத்தது. லிங்கநகரில் அந்த வீடு எப்படிப்பட்டது என்று பஹ்மியா விசாரிக்கவில்லை.

இப்போது நிருசாவின் உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது.

"நீ வாசிக்க வீட்டில கேட்டவையா?" என்றாள் பஹ்மியா. கேட்ட பிறகு தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓம் ரீச்சர். அப்பா சாப்பிடாமல் இருந்து முழுக்கக் கேட்டவர். பிறகு, எங்கட வீட்டுக் கதையை ஆருக்கடி சொல்லி எழுதுவிச்சனீ எண்டு அடிச்சவர்."

ஆனந்தராசா பெருமூச்சு விட்டார். "கடல் கதை போதுமெண்டு நான் சொன்னனான்தானே. அதில ஆரும் ஆருக்கும் அடிக்கேல்ல."

"அதில ஒரு பிள்ளை சாகுது சேர்."

"அது கடல் செய்யிறது. கடல் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை பிடிக்காது."

கதவை உதைத்துக்கொண்டு வேலாப்போடி வந்தான். மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அதாலேயே பஹ்மியாவின் முகத்தில் அறைந்தான். மூக்கு உடைந்து முக்காட்டில் இரத்தம் வழிந்தது.

"என்ர வீட்டைப் பற்றிப் படிப்பிக்க நீ ஆரடி?"

நிருசாவின் பின்னலைப் பிடித்து அவள் நெற்றியை மேசையில் மோதினான். ஒருமுறை. பிறகும் ஒருமுறை.

"வேலாப்போடி, இஞ்ச வேண்டாம்," என்றார் ஆனந்தராசா, சுவரோடு ஒட்டி நின்றபடி. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டில கதைச்சுத் தீருங்கோ."

நிருசா மேசைக்காலைக் கட்டிப் பிடித்தாள். "போகேலாது ரீச்சர். இண்டைக்கு என்னைக் கொன்றுபோடுவார்."

பஹ்மியா தான் இருந்த மரக்கதிரையைத் தூக்கி அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பின்னல் அவன் பிடியிலிருந்து நழுவியது. அவன் முழந்தாளிட்டு ஊளையிட்டான். மற்றக் கையால் பஹ்மியாவின் காலைப் பிடித்து இழுத்தான். விழுவதற்குள் அவள் நிருசாவைப் பின்னாலிருந்த புத்தக அறைக்குள் தள்ளி, பூட்டில் இருந்த திறப்பை உருவி அவள் கைக்கு எறிந்தாள்.

"உள்ளால பூட்டு! பொலிஸ் வந்தாத்தான் திற. நான் கத்தினாலும் திறக்காத!"

நிருசா கதவை அடித்துச் சாத்தினாள். திறப்பு உள்ளே இரண்டு தரம் சுழன்றது.