மூன்று கட்டில் அறை

சீதேவிப்பிள்ளையின் வலது முழங்கால் கொதித்துக்கொண்டிருந்தது. மாங்கேணியில் ஏறியதிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் பஸ்ஸில் நின்றே வந்த கால். பிறகு ஏஜென்சிக்காரனின் வாசலில் நின்றது, இரத்தம் எடுக்கிற இடத்தில் நின்றது. கடற்கரை வாடியில் நாள் முழுக்கக் குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் கீறிப் பழகிய உடம்புக்கு, நிற்பதென்பது வேறொரு வேலை. மகன் சிவதர்ஷன் கட்டாருக்குப் போகிறான். கொழும்புக்குப் போகிற வேன் விடியுமுன் டவுனிலிருந்து வெளிக்கிடும். அந்த நேரத்துக்கு ஊரிலிருந்து பஸ் கிடையாது. ஒரு இரவு தங்க லொட்ஜ் வேண்டும். மலிவாக வேண்டும், சத்தமில்லாமலும் வேண்டும். அந்த இரண்டாவதில் அவள் விடாப்பிடியாக நின்றாள்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் முதலில் பார்த்தது மலிவுதான். கீழே தேத்தண்ணிக் கடை. ரேடியோ அலறியது. கண்டக்டர்மார் கல்முனைக்கும் ஏறாவூருக்கும் ஆள் கூப்பிடுகிற சத்தம் யன்னலால் வந்து கட்டிலில் ஏறிப் படுத்தது.

“இது காணும்மா. ஒரு ராவுதானே,” என்று சிவதர்ஷன் பையை வைக்கப் போனான்.

“தூக்கு பைய. இதுக்குள்ள மனிசர் கதைக்கிறதே கேக்காது.”

“அப்பிடி என்னத்தக் கதைக்கப் போறம்?”

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள்.

கதைக்க இருந்தது. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று கதிரவெளியில் அவளுடைய அக்கா சின்னத்தங்கமும் புருசனும் போய்விட்டார்கள். அவர்களின் மகன் உதயரூபன் மட்டும் மரத்தில் தொங்கிக் கிடந்து மிஞ்சினான். சீதேவிப்பிள்ளைதான் கூட்டிவந்து வைத்திருந்தாள். தன் மகனுக்குப் போட்ட சோற்றையே போட்டாள், குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால் யார் கேட்டாலும் “அக்காட பொடியன்” என்றுதான் சொல்வாள். பிறகு சண்டை திரும்பத் தொடங்கியபோது, வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்டு வந்தது. அவள் உதயரூபனைக் கொடுத்தாள். வாழைச்சேனைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊருக்கும் மகனுக்கும் சொன்னாள். சண்டை முடிந்து ஒரு வருசமாகிறது. செத்தவர்களோடும் அவன் பேர் இல்லை, பிடிபட்டவர்களோடும் இல்லை. இனிச் சிவதர்ஷனும் போய்விட்டால், டெலிபோனில் சொல்கிற விசயமா இது? அகதி முகாமில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மறைப்பென்று ஒரு படங்குச் சீலைதான். ஊருக்குத் திரும்பிய பிறகும் எந்நேரமும் யாராவது ஒருவர் முற்றத்தில். ஒரு சத்தமில்லாத அறை கிடைத்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அவள் கூடவே வந்தாள்.

வாவிக்கரையோர லொட்ஜில் அசனார் என்பவர் இருந்தார். அடையாள அட்டையில் ஊரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மாங்கேணியா? நான் ஓட்டமாவடி. பக்கத்து ஆக்கள்தானே. எத்தின பேரு தங்கச்சி?”

“மூண்டு பேர் காக்கா,” என்று அவளும் அண்ணன் முறை சொன்னாள்.

சிவதர்ஷன் தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் நாக்கைக் கடித்தாள். இன்னும் மூன்று பேருக்கு அரிசி அளந்துவிடுகிற கையின் பிழையை இன்றைக்கு வாய் செய்துவிட்டது.

“ரெண்டு பேர்,” என்றான் அவன். “ரோட்டுப் பக்கம் அறை இருக்கா?”

“சத்தமில்லாதது வேணும்,” என்றாள் அவள்.

“சத்தமில்லாத அறதான் எல்லாரும் கேக்காங்க. குறட்டய மட்டும் அவங்களே கொண்டு வாறாங்க.” அசனார் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். “பொறத்தால ஒண்டு இரிக்கி. மூணு கட்டில். ரெண்டு பேருக்குள்ள காசத் தாங்க, காணும்.”

அறை ஒரு கிணறுபோலச் சத்தமற்றுக் கிடந்தது. மூன்று இரும்புக் கட்டில்கள், ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே வாவி. தூரத்தில் ஒருவன் தோணி வலித்துப் போனான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூட இங்கே கேட்டது. சீதேவிப்பிள்ளை சுவரோரக் கட்டிலில் இருந்து முழங்காலைத் தேய்த்தாள். இதோ, கேட்டது கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தாள். தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. மூடிக்கொண்டாள்.

“அம்மா, முன்னறைய எடுப்பம்.” சிவதர்ஷன் யன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

“ஏன் மனே? நல்லாத்தானே கிடக்கு.”

“சத்தமில்லாட்டி எனக்கு நித்திர வராது.”

“எப்பயிருந்து?”

“தோணிக்குக் கீழ கிடந்ததில இருந்து.”

அவள் கை முழங்காலிலேயே நின்றது. இயக்கம் கேட்டு வந்த அன்றைக்கு வீட்டு வளவின் பின்பக்கம் கவிழ்த்துக் கிடந்த தோணிக்குக் கீழே அவனை ஒளித்துவைத்தது அவள்தான். உதயரூபன் முன்முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். அவனை ஒளிந்துகொள் என்று அவள் சொல்லவில்லை.

“உனக்கு... கேட்டுதா?”

“பலகதானேம்மா. எல்லாம் கேட்டுது. ‘இவன்தான் என்ட மகன்’ எண்டீங்க. அண்டைக்குத்தான் முதல்தரம் அவன மகன் எண்டு சொன்னீங்க.”

அவள் தலையைக் குனிந்தாள்.

“மறுகா அவன் ‘போயிட்டு வாறன் அம்மா’ எண்டான். எப்பயும் சின்னம்மா எண்டு கூப்பிடுறவன். அப்பவும் அப்பிடிக் கூப்பிட்டிருந்தா, அப்ப உங்கட மகன் எங்க எண்டு தேடியிருப்பாங்க.” அவன் யன்னல் கம்பியை விரலால் சுரண்டினான். “நான் வெளியால வந்திருக்கலாம். வரல்ல. வாயப் பொத்திக்கொண்டு கிடந்தன். நீங்க ரோட்டில பிடிச்சதெண்டு சொல்லக்குள்ளயும் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.”

இத்தனை வருசமும் ஒரே அடுப்பைச் சுற்றியிருந்து ஒரே பொய்யை இரண்டு பேரும் தின்றிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அவன் வந்து தேற்றுவான். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை.

கதவைத் தட்டினார்கள். அசனார் நெஞ்சோடு அணைத்துத் தலையணைகளைக் கொண்டுவந்திருந்தார். மூன்று.

“என்ன, அறைய மாத்துறதா? மகன் ரோட்டுப் பக்கம் கேட்டாரே.”

சிவதர்ஷன் தாயைப் பார்த்தான்.

“வேணாம் காக்கா,” என்றாள் அவள். “இதே இருக்கட்டும்.”

அவர் போனபின், மிச்சமான ஒரு தலையணையைத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று இருவருமே சொல்லவில்லை. சீதேவிப்பிள்ளை எழுந்து, நொண்டிக்கொண்டே போய், நடுக்கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். அந்த மூன்றாவது தலையணையைத் தட்டி அதன்மேல் வைத்தாள். சிவதர்ஷன் தன் பையைத் தரையில் வைத்துவிட்டு, மின்விசிறியின் சுவிச்சை முழுதாகத் திருகினான். பழைய விசிறி. கடகடவென்று ஆடிக்கொண்டு சுற்றத் தொடங்க, அறை முழுக்கச் சத்தத்தால் நிரம்பியது.

அந்தச் சத்தத்துக்குள்தான் அவளுக்கு வாய் திறந்தது.

“எங்கட அக்காவுக்கு நான் ஒரு புள்ள கடன், மனே.”