கை வழுக்கிய இடம்

இரண்டு மணிப் பதிவுக்கு வெர்னா ஒன்றேகாலுக்கே வந்துவிட்டாள். ஸ்டுடியோ நடையில் இருந்த ஒரே நாற்காலியில் யாரோ ட்ரம் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி வெட்டி அடுக்கிவிட்டு, அரை நாள் விடுப்பில் நாஷ்வில்லுக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். நகக்கண்ணில் இன்னும் மாவு.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். ஒடெல் உள்ளே இருக்கிறானா, இல்லையா?

அவள் கணவன் ஒடெல் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் தேடி வந்தது அவன் வாசிப்பை. சாவதற்கு மூன்று வாரம் முன்னால், அவனுக்குப் பின் படுக்கையின் அந்தப் பக்கம் எப்படிக் கிடக்கும் என்று அவள் கட்டிய பாட்டுக்கு, அவனே, கம்பிமேல் இரும்புத்துண்டை ஓட்டி வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிட்டார் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தான். சமையலறையில், சாதாரண கேசட்டில். அந்தப் பாட்டைத்தான் பாடகி ஷேலின் தன் புது ஆல்பத்துக்கு வாங்கியிருந்தாள். போன வருடம் அப்பாவைப் பறிகொடுத்த பெண். ஆல்பம் முழுக்க அப்பா.

"ஒடெல் வாசிச்சதை அப்படியே வெச்சுக்கப் பாக்கறோம்" என்று தயாரிப்பாளர் கிரேடி போனில் சொல்லியிருந்தான். பின்குரல் பாடவும் அவளையே கூப்பிட்டிருந்தான்.

கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது ஹாலிஸை. ஒடெலோடு இருபது வருடம் ஒரே வேனில் ஊர் ஊராய்ச் சுற்றியவன். பெடல் ஸ்டீல் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்கு இங்க?" என்றாள்.

ஹாலிஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "கூப்பிட்டாங்க, வெர்னா. உனக்குச் சொல்லலியா?"

"கிரேடி!"

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கிரேடி வந்தான். கையில் காப்பி. "கண்ணு, கோச்சுக்காத. கேசட் முழுக்க உன் ஃபிரிட்ஜ் இரையுது. எவ்வளவோ சுத்தம் பண்ணிப் பாத்துட்டோம்."

"அந்த ஃபிரிட்ஜ் அவன் இருந்தப்பவும்தான் இரைஞ்சுது. அவன் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் ஹாலிஸ் இருக்கானே. நோட்டுக்கு நோட்டு அதே மாதிரி வாசிக்கப்போறான். ஒரு இழை மாறாது." போய்விட்டான்.

ஹாலிஸ் ஸ்டாண்டில் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பினான். இங்கே யாரும் ஸ்வரம் எழுதுவதில்லை. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை எண்களாகத்தான் எழுதுவார்கள். ஒன்று, நாலு, ஐந்து, ஒன்று. மூன்றாவது வரியில் ஒரு நாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் கிரேடியின் கையெழுத்து: 'இங்கே வழுக்க வேண்டும்.'

வெர்னாவுக்கு அந்த இடம் தெரியும். கீமோவில் ஒடெலின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பிடித்திருந்த இரும்புத்துண்டு அங்கே நழுவி, ஸ்வரம் சரிந்து, மறுபடி ஏறும். 'சே' என்று சிரித்துவிட்டு இன்னொரு தடவை வாசிக்க முயன்றான். முடியவில்லை.

"இதையுமா எழுதியிருக்கான்?"

"அதுதான் பாட்டோட உயிராம். காலையிலேர்ந்து பழகறேன். நல்லா இருக்கற கையால அப்படி வழுக்கறது லேசுல வரல." ஹாலிஸ் குரலைத் தாழ்த்தினான். "நீ ஒரு வார்த்தை சொல்லு. நேரா வாசிச்சிட்டுப் போறேன். அது அவனோடது. என்ன கிழிச்சிடுவாங்க? அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதானே."

வெர்னா தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேசட்டைக் கொடுத்தனுப்பி, அந்த வாசிப்பைக் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"வழுக்கு" என்றாள். "ஒரு தடவை கேட்டுக்கறேன்."

ஷேலின் வந்ததும் வெர்னாவைக் கட்டிப்பிடித்தாள். "மிஸ் வெர்னா, எங்க அப்பாவுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. ஒரே ஒரு வார்த்தைதான் மாத்தினேன். படுக்கைக்குப் பதிலா நாற்காலி. அவர் நாற்காலியிலயே உக்காந்திருப்பார்."

"நல்லா இருக்கும்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிர்த் தடுப்புக்குள், காதில் ஹெட்ஃபோனோடு. ஷேலின் நாற்காலியைப் பாடினாள். வெர்னா அதே நாற்காலியைக் கீழ்க்குரலில் தாங்கினாள். பிறகு ஹாலிஸின் முறை. ஒன்று, நாலு. இரும்பு சரிந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, ஒடெல் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். வெர்னா கண்ணை மூடினாள். 'சே' என்ற அந்தச் சிரிப்புக்காகக் காத்தாள். ஹாலிஸ் பிசகாமல் அடுத்த எண்ணுக்குப் போனான்.

கடைசி வரியில் அவள் குரல் சுருதி விலகவில்லை. ஷேலினுடையதுதான் உடைந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நிறுத்து, நிறுத்து! எல்லாருக்கும் பத்து நிமிஷம்!" கிரேடி ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டான். ஒருத்தி டிஷ்யூப் பெட்டியோடு வந்தாள். இன்னொருத்தி தேன் கலந்த வெந்நீர் கொண்டுவந்தாள். யாரோ சாய்வு நாற்காலியை உருட்டி வந்தார்கள். புகைப்படக்காரன் தள்ளி நின்று, ஓசைப்படாமல் மூன்று படம் எடுத்தான்.

வெர்னா தடுப்பை விட்டு ஓர் அடி நகர்ந்தாள்.

"வெர்னா, நீ அசையாத!" ஷேலினின் தோளுக்கு மேலிருந்து கிரேடி கை காட்டினான். "மைக் தூரம் இப்பத்தான் சரியா செட் ஆகியிருக்கு. அப்படியே நில்லு, கண்ணு."

தரையில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவுக்குள் அவள் மறுபடி கால்களை வைத்துக்கொண்டாள்.