குடும்பப் பெயர் என்ற கட்டம்

இருபத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்தில் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய முழங்கால் இது. ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு குறை சொல்லும். ஏறி, கூட்டி, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்குள் லக்ஷனா மிஸ் வந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடுவார்.

எங்கள் கம்பெனி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது. ஏழு நாட்டில் ஆபீஸ். அந்த ஏழு நாட்டுக் கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பது பதுளை பஜாரில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் இந்தப் பிள்ளைதான். கொழும்புக்கு வரச் சொன்னார்கள். அப்பாவை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இங்கேயே இருந்துவிட்டார். நேபாளத்தில் பிரின்டர் ஓடாவிட்டாலும் இவருக்குத்தான் ஃபோன் கோல் வரும்.

ஆறு மாதமாக அவருக்கு ஒரே வேலை. ஏழு ஆபீஸிலும் தனித்தனியாகக் கிடந்த ஆட்களின் பட்டியலை ஒன்றாக்குவது. ஒரே ஆள் இரண்டு மூன்று தரம் பதிந்திருந்தால் சேர்த்து ஒருவராக்குவது. ஞாயிற்றுக்கிழமை புதுப் பட்டியல் ஓடத் தொடங்கியது. திங்கட்கிழமை அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் தின்னப் பட்டிஸ் வாங்கிவரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் என் மகள் கோல் எடுத்தாள்.

விஜயலெட்சுமி ஓமானில் ஒரு வீட்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, மஸ்கட்டில் கம்பெனி விடுதியில் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தாள்.

"அப்பா, எனக்கு டிக்கெட் இல்லங்கறாங்க."

"ஏம்மா?"

"நான் தை மாசமே ஊருக்குப் போயிட்டேனாம். கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் இருக்காம். அப்ப இங்க நிக்கிறது யாருன்னு கேட்டா, அந்தாளு கம்ப்யூட்டரப் பாக்குறான், என்னையப் பாக்க மாட்டேங்கறான்."

"பதறாத. மிஸ்கிட்ட கேக்குறேன்."

"வியாழக்கெழமையோட விசா முடியுதுப்பா. அதுக்குள்ள ஏத்தலைன்னா திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்புவாங்களாம். நான் போக மாட்டேன்."

அந்த வீட்டைப் பற்றி அவள் இரண்டு வருடமாக ஒன்றும் சொன்னதில்லை. எனக்கிருந்த பயமெல்லாம் அந்தச் சொல்லாததில்தான்.

தேநீரோடு போய் மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னண்ணே, கோப்பையக் கையில வெச்சுக்கிட்டுச் சாமி கும்பிடுறீங்க?"

சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. தட்டிப் பார்த்தார்.

"விஜயலெட்சுமின்னு யாருமே இல்லையே. கலாராணின்னு ஒருத்தர்தான் இருக்காங்க. தையில வந்துட்டாங்க."

"கலாராணி எங்க பக்கத்து லயத்துப் புள்ள மிஸ். அது வந்துருச்சு. என் மகதான் வரல."

இன்னும் தட்டினார். "அண்ணே, ஒம்பது பேரு ஒரே ஆளா ஆயிருக்காங்க. ஒரே விலாசம், ஒரே குடும்பப் பேரு, ஒரே ஃபோன் நம்பர். எவனோ புரோக்கர் பாத்த வேலை. இருங்க, அவனையே புடிக்கிறேன்." மேசை ஃபோனில் நம்பரை அழுத்தினார்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

மிஸ் ரிசீவரை மெல்ல வைத்தார்.

அந்தப் படிவங்களை நிரப்பியது நான்தான். நாற்பது வயதில், தோட்டத்துக் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் நடந்த ஞாயிறு வகுப்பில் எழுத்துப் படித்தவன். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறையான எங்கள் காம்பராக்களுக்கு நம்பர் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். அதனால் விலாசம் ஒன்று. அவர்களுடைய சிம் மாதத்துக்கு ஒன்று மாறும் என்று என் நம்பரைப் போட்டேன். பிறகு 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. வெறுமனே விட்டால் படிவம் திரும்பி வந்தது. யோசித்து யோசித்து, எல்லோரும் ஒரே தோட்டத்துச் சனம்தானே என்று தோட்டத்தின் பெயரை எழுதினேன். ஒன்பது பேருக்கும், கோணாமல், அழகாக.

"பாஸ்போட் நம்பர் வேறவேறதானே மிஸ்?"

"அது புதுப்பிச்சா மாறிடும், ஆளச் சேக்கும்போது அதப் பாக்காதேன்னு கம்ப்யூட்டருக்கு விதி வெச்சாச்சு. சொந்தப் பேர நாட்டுக்கு நாடு ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்க, அதையும் பாக்காதேன்னு வெச்சாச்சு."

"யாரு அப்பிடி வெச்சது?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு வழி இருக்குண்ணே. தலைமை ஆபீஸுக்குப் படிவத்துல பிழைன்னு எழுதினா, பதுளை ஆபீஸ் பிழை. ஒவ்வொருத்தரா பிரிக்கணும். பத்து நாளாகும்."

"வியாழக்கெழம..."

"தெரியும். நான் வெச்ச விதி பிழைன்னு எழுதினா, ஏழு நாட்டுலயும் இன்னிக்கே நிப்பாட்டிப் பழைய பட்டியலுக்குப் போயிடலாம். அதுல உங்க மக தனியா இருக்கா."

"அப்ப இந்த ஆறு மாச வேல?"

அவர் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார்.

"எழுதினது நான் மிஸ். என் பேரப் போடுங்க."

"உங்க பேரப் போட்டா மக வர மாட்டா. விளங்குதா?"

"விளங்குது."

"பெறகு ஏன் சொல்றீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

உண்மையும் அதுதான். மகள் வர வேண்டும். அதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உழைப்பைக் கொட்டச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை.

மிஸ் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைத் தேடினார். பிறகு மடுல்சீமை. பிறகு அப்புத்தளை. அங்கேயும் தோட்டத்துக்குத் தோட்டம் பல பேர் ஒரே ஆளாகிக் கிடந்தார்கள். என்னைப்போல எழுதத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருக்கிறான்.

"நேத்து பட்டிஸ் சாப்பிட்டோமே," என்றார். "முந்நூத்திச் சொச்சம் பேரத் தொலைச்சுட்டுச் சாப்பிட்டிருக்கோம்."

கதவைச் சாத்திக்கொண்டு தலைமை ஆபீஸோடு ஒரு மணி நேரம் பேசினார். அது தன் பிழை என்று அவர் இங்கிலீஷில் மூன்று தரம் சொன்னது எனக்கே விளங்கியது. இரண்டு மணிக்குப் பழைய பட்டியல் திரும்பி வந்தது. மூன்றரைக்கு மகள் கோல் எடுத்தாள்.

"டிக்கெட் குடுத்துட்டாங்கப்பா. நாளைக்கு ஏத்துறாங்களாம்."

உள்ளே போய்ச் சொன்னேன். மிஸ் தலையை ஆட்டினார். மேசையில் கவிழ்ந்தே இருந்தார்.

"வெள்ளிக்கெழம பெரிய ஆக்கள் என்னோட பேசணுமாம்," என்றார். "வேலையில வெச்சிருந்தாங்கன்னா எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கணும். அண்ணே, உங்க லயத்துக் காம்பராவுக்கெல்லாம் நம்பர் போட்டுக் குடுப்பீங்களா?"

"தோட்டத்துத் தொரை ஒத்துக்க மாட்டாரே மிஸ்."

"அவருக்கு எதுக்கு? நமக்கு மட்டும், ஆளுக்கொரு விலாசமா."

ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். மேல் லயம், முதலாம் காம்பரா, யார் இருக்கிறார்கள், அப்பா யார் என்று எழுதத் தொடங்கினேன். நான்காம் காம்பராவை நடுவில் தடுத்து இரண்டு குடும்பம் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை நிறுத்தினேன்.

"மிஸ், இதுவும் ஒருநாள் பிழையாப் போகுமா?"

"போகும்ணே," என்றார் தலையைத் தூக்காமல். "எழுதுங்க."