மிதிக்காத பாதி

“டேக் ஹிம் ஹோம். கீப் ஹிம் கம்ஃபர்டபிள்” என்று டாக்டர் என்னைப் பார்த்து மட்டும் சொன்னார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்த எங்கள் வீட்டாரில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். ‘கிக் த பக்கெட்’, வாளியை உதைத்தான் என்றால் செத்தான் என்று இங்கிலீஷ் மரபுத்தொடருக்கு அர்த்தம் எழுதி, பி.ஏ.வில் முழு மதிப்பெண் வாங்கியவள்.

“இன்னாடி சொல்றாரு?” அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இனி வைத்தியம் இல்லை, இருக்கிற நாளில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எனக்குக் கேட்டவுடனே புரிந்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னேன். “வூட்டுக்குக் கூட்டினு போய் சௌகரியமா வெச்சிக்க சொல்றாரும்மா.” ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர் மரக்காணத்தில் இறங்கியதும் அம்மா புது இலவம்பஞ்சு மெத்தை வாங்கினாள். மறுநாள் உப்பள முதலாளி ஐயப்பனிடம் போய், “அவருக்குத் தேவலைங்க, இந்த வருசமும் அந்தப் பாத்தி எங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தை பிறந்தது. உப்புத்தண்ணீர் பாய்ச்சுமுன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். இருபது வருஷமாக அம்மாவும் அப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மிதித்தார்கள். கிழக்குப் பாதி அப்பாவுடையது. வேறு கால் பட்டால் பாத்தி ஒழுகும் என்பார். அம்மா தன் பாதியை முடித்துவிட்டு, அவர் எழுந்து வரும்வரை மறுபாதி காயாமலிருக்க தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்தாள்.

நாலாம் நாள் காலையில் அப்பா மெத்தையிலிருந்து கூப்பிட்டார்.

“ஷாலினி, அந்தப் பாதிய நீ எறங்கி மிதிச்சிடு.”

“நீ வந்து மிதிப்பன்னு அம்மா...”

“டாக்டரு பேசும்போது நான் உன் மூஞ்சியத்தாம்மா பாத்துனு இருந்தேன்” என்றார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உப்பளத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினேன். அம்மா குடத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

“ஏய், அது அப்பா எடம்டி. ஏறுடி மேல.”

“அப்பாதாம்மா மிதிக்க சொன்னாரு” என்றேன். நான் நிற்கவில்லை. கிழக்கு மூலையிலிருந்து, அப்பா செய்வதுபோல் குதிகாலை அழுத்தி மிதித்தேன். அம்மா என் காலையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கி வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, முடித்திருந்த தன் பாதியை மறுபடி முதலிலிருந்து மிதிக்கத் தொடங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.