குமுதவல்லியின் உரிமம்

தை மாதம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. கல்வராயன் மலையின் மேல் மூட்டம் இன்னும் விலகவில்லை. சமவெளியில் மட்டும் இளவெயில் இறங்கி, பனியில் நனைந்த நெடுஞ்சாலை லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காற்று அசையவில்லை. அந்த நேரத்தில்தான், தலைவாசலுக்கு மேற்கே இருக்கும் வேல்முருகன் எடைமேடையின் கணினி, தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் குமுதவல்லி அசல் அல்ல என்று அறிவித்தது.

அறிவிப்பு திரையின் வலது கீழ் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டிக்குள் வந்தது. ‘இந்த இயக்குபவர் அசல் பிரதி அல்ல. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம். மாலை ஆறு மணிக்குள் உரிமத்தைப் புதுப்பிக்கவும்.’

குமுதவல்லி அதை இரண்டு முறை படித்தாள். பெட்டியை மூடினாள். அது திரும்ப வந்தது. மேடையின் மேல் மாரப்பனின் லாரி நின்றுகொண்டிருந்தது, முழு லோடு மரவள்ளிக் கிழங்குடன். சுவரில் இருந்த எண்பலகை எடையைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் சீட்டு அச்சாகவில்லை. கையால் எழுதித் தரலாம்; ஆனால் அசல் அல்லாத ஆள் எழுதிய சீட்டை ஜவ்வரிசி ஆலையில் வாங்க மாட்டார்கள்.

மாரப்பன் ஜன்னலுக்கு வந்தான்.

“அக்கா, சீட்டு?”

“கொஞ்சம் பொறு. நான் அசல் இல்லைன்னு சொல்லுது.”

“போன வருஷம் லாரிக்கு எஃப்.சி. காட்டப் போனப்ப என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. சீக்கிரம் முடிச்சு விடுங்க. வெயில் ஏறுனா கிழங்கு கருத்துப் போயிரும்.”

குமுதவல்லிக்கு ஆத்திரம் மெதுவாக வரும். அன்று வழக்கத்தைவிட வேகமாக வந்தது. இந்தக் கணினி இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆனி மாதம் வந்தது. அதில் ஓடும் இயங்குதளமும் அந்தக் காலத்துடையது. எடை பார்க்கும் மென்பொருள் அதற்குமேல் புதியதில் ஓடாது என்பதால் யாரும் அதை மாற்றவில்லை. கணினியைப் பொருத்திய அன்றே குமுதவல்லியையும் பொருத்தினார்கள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. உரிமத் தாள் இரும்பு பீரோவின் உள்கதவில் ஒட்டியிருந்தது: ‘கணினி ஒன்று, இயக்குபவர் ஒருவர்.’ அதற்குப் பிறகு இருபது வருஷமாக, லாரிக்காரன் மேடையின் ஓரத்தில் காலை ஊன்றி எடை கூட்டுவதையும், தண்ணீர்ப் பீப்பாயை இறக்கிவிட்டுக் காலி எடை போடுவதையும், அவள் ஜன்னலை விட்டு எழாமலே கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு சீட்டு தவறிப் போனதில்லை. அவளைப் பார்த்து இந்தப் பெட்டி ஏமாற்று என்கிறது.

எடைமேடையின் சொந்தக்காரர் செங்கோட்டுவேல் வந்தார். திரையைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஜெரால்டை வரச் சொன்னார். இந்தப் பக்கத்துக் கணினிகளையெல்லாம் பொருத்தியவன், பழுது பார்ப்பவன், அவன்தான். பத்தரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், நான்கைந்து விசைகளைத் தட்டி ஒரு பட்டியலைத் திறந்தான்.

“உங்ககிட்ட நாலு மாற்றம் இருக்குக்கா. மூணு வரைக்கும் பொறுத்துக்கும். நாலாவது வந்தா வேற ஆளுன்னு எடுத்துக்கும்.”

குமுதவல்லி எட்டிப் பார்த்தாள். முதலில் கண்ணாடி. பிறகு கர்ப்பப்பை, அகற்றப்பட்டது. கடைவாய்ப் பல்லுக்கு உறை. கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை, துளை சீழ் பிடித்ததால் கழற்றி வைத்த மூக்குத்தி.

“டாக்டர் எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன். இதுகிட்ட அனுமதி கேட்டிருக்கணுமா?”

“அனுமதி வேண்டாம்க்கா. தெரிவிச்சிருந்தா போதும். படிவம் இருக்கு.”

“எதுல இருக்கு?”

“ஹார்டுவேர் மாற்றத்துல.”

செங்கோட்டுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்த்தார். ஜெரால்டு முதல் வழியைச் சொன்னான். பொருத்திய தேதிக்கே அவளைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம். இருபது நிமிஷ வேலை. அதற்குப் பிறகு சேர்ந்தவை மட்டும் போய்விடும்.

“கனிஷ்கா ரெண்டாயிரத்து ஏழு,” என்றாள் குமுதவல்லி. கனிஷ்கா அவளுடைய மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

“பாப்பா வேற டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாதுக்கா.”

“என் வயித்துல இருந்தா.”

ஜெரால்டு அந்த வழியை மூடினான். இரண்டாவது வழியைச் சொன்னான்.

“தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலத்துல நல்ல உரிம நம்பர் கிடைக்கறது குதிரைக்கொம்பு. உங்க நம்பரு சிக்கல் இல்லாம ஏறுச்சு. அதனால அதையே வாழப்பாடி, சின்னசேலம்னு ஆறு எடைமேடைக்குப் போட்டுட்டேன். ஆறு இடத்துலயும் நீங்கதான் ஓடிட்டிருக்கீங்க. இதுவரைக்கும் ஒரு புகார் இல்ல. அதுல ஒண்ணை நகல் எடுத்தாந்து இங்க உக்கார வெச்சுட்டா, பத்து நிமிஷத்துல மாரப்பனை அனுப்பிடலாம்.”

“அப்ப நான்?”

“நீங்க வீட்டுக்குப் போயிடலாம்க்கா.”

செங்கோட்டுவேல் நல்ல மனிதர். அவளைச் சமாதானப்படுத்தத்தான் பேசினார். “வேற யாரையாவது உன் நாற்காலியில உக்கார வெப்பனாம்மா? நீயேதானே வரப்போற? இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?”

“மொதலாளி, ஆறு மணி வரைக்கும் அவகாசம் இருக்கு. அதுவரைக்கும் இந்த நாற்காலியில நான் இருக்கேன்,” என்றாள் குமுதவல்லி. அவள் குரல் உயரவில்லை. ஆனால் செங்கோட்டுவேல் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

மூன்றாவது வழி தொலைபேசி. உரிம அலுவலகத்தை அழைத்து, இயக்குபவரின் எண்ணை ஆறாறு இலக்கமாக ஒன்பது தொகுதிகள் சொல்ல வேண்டும். எண் எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, மேடை மேல் ஏறி நின்றால் வரும் என்றான் ஜெரால்டு. மாரப்பன் முணுமுணுத்துக்கொண்டே லாரியைப் பின்னால் எடுத்தான். குமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, அறுபது டன் தாங்கும் இரும்புத் தகட்டின் நடுவே போய், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். எண்பலகை 000060 என்று காட்டியது. இறங்கி மறுபடி ஏறினாள். அறுபது. ஒன்பது முறையும் அறுபது.

“அம்மா, ஒன்பது தொகுதியும் ஒன்றாக இருக்கிறதே,” என்றார் உரிம அதிகாரி. தன் பெயர் அரங்கநாயகம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். பண்பான குரல்.

“என் எடை அறுபத்து மூணு சார். இந்த மேடைக்குப் பத்துப் பத்தாத்தான் தெரியும்.”

“எங்கள் பதிவில் ஐம்பது என்று இருக்கிறது. மற்ற ஆறு பேரும் ஒவ்வொரு ஆண்டும் ஐம்பது என்றுதான் சொல்லி வருகிறார்கள். நீங்கள்தான் வேறு எண் சொல்கிறீர்கள்.”

“அவங்க நகல் சார். என் நம்பரை வெச்சு எடுத்த நகல்.”

“இருக்கலாம் அம்மா. ஆனால் அவர்கள் மாறவில்லையே. உரிமம் தாளில் இருக்கிற ஆளுக்குத்தான். வரிசைப்படி நீங்கள் ஏழாவது பிரதி.”

குமுதவல்லி மேடையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மாரப்பன் தார்ப்பாயை இழுத்துக் கிழங்கின் மேல் மூடிக்கொண்டிருந்தான். அவள் ஜெரால்டிடம் வாழப்பாடி எடைமேடையின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“வணக்கம், எடைமேடை. குமுதவல்லி பேசறேன்.”

“நானும் குமுதவல்லிதான். தலைவாசல்.”

“சொல்லுங்கக்கா. நீங்க ஒருநாள் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“உனக்கு என்ன வயசு?”

“இருபத்தேழுங்க.”

“இருபது வருஷமாவா?”

“நகலுக்கு அப்டேட் வராதுங்களே.” பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. அவள் யாரையோ, காலை எடுய்யா மேடையிலிருந்து, என்று அதட்டிவிட்டு வந்தாள். “வர்ற ஆவணியில எனக்குக் கல்யாணம். தேதி குறிச்சாச்சு. உங்களுக்கு ஆயிருச்சுங்களா?”

“ஆச்சு.”

“அவரு எப்படிங்க?”

“நல்ல மனுஷன்தான். குறட்டை விடுவாரு.”

“இதை யாரும் சொல்லலையே!”

“யாரு சொல்லுவா?” என்றாள் குமுதவல்லி. பிறகு விஷயத்தைச் சொன்னாள். நான்கு மாற்றம், ஒன்பது முறை மேடை ஏறியது, ஏழாவது பிரதி, நகலை வைத்து அவளை வீட்டுக்கு அனுப்பும் யோசனை, எல்லாவற்றையும். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அது சொன்னா நீங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? உரிமத் தாள்ல கணினி, நீங்கன்னு ரெண்டு பேருதானே இருக்கு? அது உங்க மாற்றத்தை எண்ணுனா, நீங்க அதோட மாற்றத்தை எண்ணுங்க. இத்தனை வருஷம் வளர்ந்து என்னக்கா, இவ்வளவு பொறுமையா ஆயிட்டீங்க!”

தன்னிடமே திட்டு வாங்கியது குமுதவல்லிக்கு உறைத்தது. பீரோவைத் திறந்து பராமரிப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மறுபடி உரிம அலுவலகத்தை அழைத்தாள்.

“சார், நான் ஒரு புகார் பதிவு செய்யணும். என் முன்னால இருக்கிற கணினி அசல் இல்லை.”

“சொல்லுங்கள் அம்மா, எழுதிக்கொள்கிறேன்.”

அவள் தேதியோடு வாசித்தாள். வன்தட்டு இரண்டு முறை மாற்றியது. இடி விழுந்த வருஷம் போன தாய்ப்பலகை, அதோடு போன மின்பெட்டி. பல்லி குஞ்சு பொரித்த விசிறி. நினைவகம், திரை. விசைப்பலகை ஏழு, மவுஸ் பதினொன்று. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ‘உம்’ கொட்டினார். முடிவில், இரண்டாயிரத்து ஐந்தில் வந்தது கணினியின் வெளிக்கூடு மட்டும்தான் என்று தெரிந்தது.

“இதை ஏன் இத்தனை நாள் தெரிவிக்கவில்லை?”

“கூட வேலை செய்யறவங்களைப் பத்தி அப்படிச் சொல்றது மரியாதை இல்லைன்னு இருந்தேன் சார். அதுக்கு அந்த மரியாதை தெரியலை.”

அதிகாரி விதியைப் பார்க்க நேரம் கேட்டார். குமுதவல்லி காத்திருந்தாள். ஜெரால்டு சாப்பிட்டுவிட்டு வந்தான். செங்கோட்டுவேல் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, நகல் எடுக்கச் சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டார். அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து முப்பதுக்கு மஞ்சள் பெட்டி திரையின் பாதியை அடைத்தது. நாற்காலியின் ஒரு சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டது. ஐந்து நாற்பத்தைந்துக்கு இன்னொன்று. அவள் இரு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு வந்தது.

“அம்மா, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்தால், குறைவாக மாறியவரே அசல். உங்களிடம் நான்கு. அதனிடம் இருபத்தைந்து. உரிமம் உங்கள் பெயரில் ஏறிவிட்டது.”

“நான் இப்ப இருக்கிற மாதிரியா சார், பழைய மாதிரியா?”

“இன்றைய தேதிப்படி, அம்மா. அறுபது கிலோ, கண்ணாடி, மூக்குத்தி இல்லை. மற்ற ஆறு பிரதிகளும் இனி உங்களைத்தான் பின்பற்ற வேண்டும்.”

திரையில் மஞ்சள் பெட்டி மறைந்தது. அந்த இடத்தில், ‘இந்தக் கணினி அசல் அல்ல. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம்,’ என்று ஒரு வரி வந்தது. குமுதவல்லி அதைப் படித்து, பதிவேட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டாள். மாரப்பன் லாரியை மேடை மேல் ஏற்றினான். அவள் எண்பலகையைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதி, கையெழுத்திட்டு ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“கிழங்கு பாதி கருத்துருச்சுக்கா,” என்றான் மாரப்பன்.

“சீட்டு சுத்தமா இருக்கு. போ.”

மறுநாள் காலை, ஜவ்வரிசி ஆலை வாசலில் மாரப்பன் கருத்த கிழங்கைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது உரிமம் புதுப்பிக்க வேண்டியது கணினிக்குத்தான் என்பதால், செங்கோட்டுவேல் அதை மேடை மேல் வைத்து அதன் எண்ணைப் படிக்கப் பார்த்தார். பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் மேடை கணக்கில் எடுக்காததால், ஒன்பது முறையும் சுழியமே வந்தது. அவர் அதை அரங்கநாயகத்துக்கு வாசித்துக் காட்டினார், அரங்கநாயகம் எழுதிக்கொண்டார். ஜெரால்டு ஹார்டுவேர் மாற்றப் படிவம் இருபத்தைந்து அச்சடிக்க ஆத்தூருக்குப் போனான்.

அன்று மாலை வாழப்பாடி குமுதவல்லி ஆறரை மணி பஸ்ஸில் தலைவாசலில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முந்தின ராத்திரியே அப்டேட் இறங்கிவிட்டதாம். பஸ் ஏறும்போது முட்டி வலித்தது என்றாள். பிறகு, “எனக்கு ஒரு பொண்ணு இருக்காளாமே,” என்றாள். குமுதவல்லி அவளை உட்காரச் சொல்லி, உள்ளே பார்த்துக் கனிஷ்காவைக் கூப்பிட்டாள். கணவர் தங்கராசு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்தே காப்பி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கனிஷ்கா அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டையோடு வந்து, பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். வாழப்பாடிக்காரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேதியியலில் ஏன் குறைந்தது என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். குமுதவல்லி அதைச் சரிபார்த்து, தன் கையெழுத்தையும் அதன் கீழே போட்டாள். மற்ற ஐந்து பேரும் எட்டு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்ததால், கனிஷ்கா அட்டையை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.