மயங்கி விழுவது பற்றி ஊரார் கருத்து

செவ்வாய்க்கிழமைதோறும் இரவு தொலைக்காட்சியில் கால் மணி நேரம் ஓடிய அந்தத் தொடரைப் பற்றி, புதன்கிழமை காலையில் புஷ்பத்திடம் கருத்துச் சொல்லாதவர்கள் கிழக்குத் தாம்பரத்தில் இல்லை. பால் பூத்தில் சொன்னார்கள். மாவு மில்லில் சொன்னார்கள். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்கள்.

தொடரில் இரண்டு பெண்கள் மற்றவர்களுக்காக வரிசையில் நின்று பிழைத்தார்கள். கரண்ட் பில், ரயில் டிக்கெட், பள்ளிக்கூட விண்ணப்பம், எதுவானாலும். புஷ்பமும் அருள்மேரியும் பல வருஷமாகச் செய்துவந்த வேலை அதுதான். எழுதியவர் பக்கத்துத் தெரு ஸ்ரீநிவாசராகவன். எப்போதோ இவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற புண்ணியவான்.

"அந்த முசுடு கேரக்டர் அச்சு அசல் நீதான் புஷ்பம்," என்றாள் ரமா, கரண்ட் அட்டையை நீட்டியபடி. "ஆனா அவ ரொம்பக் கத்தறா. ஓவர் ஆக்டிங். இன்னொருத்திதான் ஸ்வீட்."

"நான் எப்பம்மா கத்துனேன்?" என்று புஷ்பம் கத்தினாள்.

"பாத்தியா!" என்றாள் ரமா.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மூன்று வாரத்துக்கு முன் வந்த பகுதி. அதில் ஸ்வீட்டானவள் வரிசையில் மயங்கி விழுந்தாள். கூட்டம் பதறி வழிவிட்டது. கவுண்டர் பக்கம் தூக்கிப் போனதும் கண்ணைத் திறந்து, ஒரு கத்தை அட்டையை எடுத்து நீட்டினாள். ஊரே சிரித்தது.

அருள்மேரி சிரிக்கவில்லை. கடைசித் தேதியில், வரிசை நகராதபோது மட்டும் அவள் எடுக்கும் ஆயுதம் அது. விழுவதற்கு முன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடுவாள். பதறி ஓடிவருகிறவர்கள் மிதித்தால் வார் அறுந்துவிடுமாம். அது நடிப்பு என்பது புஷ்பத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"நீதாண்டி அந்த எழுதுற ஆளாண்ட ஊதிட்ட."

"உங்க மாதா மேல சத்தியமா நான் சொல்லல."

"எங்க மாதாவ நீ இன்னாத்துக்கு இழுக்கற?"

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வரிசையில் நின்றார்கள், நடுவில் யாராவது ஓர் ஆளை விட்டு. தான் ஒரு வேலை செய்வதாகவே புஷ்பம் அதுவரை நினைத்ததில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், வரிசை தானாக நகர்ந்தது. இப்போது வரிசை மட்டும் இருந்தது. கால் வலித்தது.

ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். "நான் சொல்லலன்னு நீங்களே ஒரு வார்த்த அவகிட்ட சொல்லுங்க சார்."

"எல்லாம் கற்பனைம்மா. யாரையும் குறிப்பிடறதில்லை," என்றார் அவர். "அது இருக்கட்டும், நேத்து எபிசோடு எப்படி இருந்தது?"

மே மாதம். பில் கட்டக் கடைசி நாள். ஒரு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும். அருள்மேரி முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் டயர் கடை துளசிங்கம். அவருக்குப் பின்னால் புஷ்பம். வெயில் தகரக் கூரை வழியாக இறங்கியது.

அருள்மேரி இரண்டு முறை சுவரைப் பிடித்தாள். பிறகு விழுந்தாள்.

வரிசை மொத்தமும் சிரித்தது.

"டிவில இதவிட நல்லா வுழுந்துச்சு," என்றார் துளசிங்கம். "தலைய அப்டிக்கா சாச்சிகினு, பதமா. இது இன்னாது, மூட்டை மாதிரி."

"வழி வுடாதீங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கிட்ட போனதும் அட்டைய நீட்டும்."

புஷ்பத்துக்கும் எரிச்சல்தான் வந்தது. ஊருக்கே தெரிந்த பிறகும் இவளுக்கு ஏன் இந்த வேலை? குனிந்து பார்த்தாள். அருள்மேரியின் கால் தெரிந்தது. காலில் செருப்பு இருந்தது.

"நகருங்கடா!"

அந்தக் குரலில் சிரிப்பு நின்றது. ஓவர் ஆக்டிங் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை மழையிலும் இடத்தை விட்டு அசையாதவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அருள்மேரியின் அக்குளில் கைகொடுத்து சைக்கிள் ஸ்டாண்டு நிழலுக்கு இழுத்தாள். துளசிங்கம் பின்னாலேயே ஓடிவந்து கால்களைப் பிடித்தார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். முகத்தில் பாதி, வாயில் பாதி. அருள்மேரி கண் திறந்தபோது கவுண்டர் மூடியிருந்தது.

"காலைல இன்னாடி துன்ன?"

"ஒண்ணும் துன்னல." அருள்மேரி தன் காலைப் பார்த்தாள். "வாரு அறுந்துட்சே."

"மிதிச்சிட்டானுங்க. நீ கழட்டினாத்தான?"

அருள்மேரி அறுந்த வாரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிவில அவ செருப்பையே கழட்டல," என்றாள்.

"ஆமா, கழட்டல."

"அந்தாளுக்கு அது தெரியாது."

"நான் சொல்லியிருந்தா அதத்தாண்டி மொதல்ல சொல்லியிருப்பேன். அதுதான சிரிப்பே."

"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"எனக்கே இப்பத்தான் தோணுது."

"மக்கு," என்றாள் அருள்மேரி. அழுதாள். மூக்கைப் புஷ்பத்தின் முந்தானையில் துடைத்தாள்.

"இது நல்லா கீது," என்றார் துளசிங்கம், பக்கத்தில் நின்றபடி. "பேசாம கெடந்த ரெண்டு பேரும் ராசியாவுற எடம். இத டிவில சேக்கச் சொல்லணும். ஆனா அழுவ கொஞ்சம் கொறைக்கலாம்."

புஷ்பம் நிமிர்ந்தாள். "அண்ணா, பில்லு கட்டிட்டியா?"

அவர் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். மூடிய கவுண்டரைப் பார்த்தார்.

"பியூஸ் புடுங்க வருவாங்க," என்றாள் புஷ்பம். "செவ்வாக்கெழம எப்டிப் பாப்ப?"

அவர் ஆபீசுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஓடினார். அருள்மேரி இரண்டு பைகளையும் அருகே இழுத்தாள். ரமா வீட்டு அட்டை, மாவு மில் அட்டை, பால் பூத் அட்டை, எல்லாம் கட்டாமல் அப்படியே இருந்தன.

"வூடு வூடா திட்டு வாங்கணும்டி," என்றாள்.

"திட்டட்டும்," என்றாள் புஷ்பம். "அடுத்த புதன்கெழம ஒருத்தரும் கருத்து சொல்ல மாட்டாங்க."